பின்தங்கியவர் முந்திய கதை

ஓட்டப் பந்தயத்திலே முன்னே ஓடுபவனை நோக்கிக் கைதட்டுவது உலக இயல்பு. ஆயினும், எல்லோருக்கும் பின்னே வந்துகொண்டிருந்த ஒருவன், கடைசிச் சுற்றிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக முந்தி வரும்போது எழுகின்ற ஆரவாரம் வேறு. அவன் எந்த இல்லத்தவன் என்று அறியாதவர்களும் எழுந்து நின்றுவிடுகின்றனர். எமது கல்லூரி இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஆண்டுதோறும் இக்காட்சியை நாம் கண்டுவருகின்றோம்.

வள்ளுவப் பெருந்தகை, தளராத முயற்சியின் பெருமையைக் கூறுதற்கு ‘ஆள்வினையுடைமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு நான்கு அதிகாரங்கள் தள்ளி, ‘வினைத்தூய்மை’ எனப் பிறிதோர் அதிகாரமும் வைத்தார். “முயற்சியைச் சொன்னவர் தூய்மையை ஏன் தனியே சொல்லவேண்டும்? இரண்டும் ஒன்றுதானே?” என்று வகுப்பிலே யாரேனும் ஒரு மாணவன் கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக நாம் சொல்லிவருவது ஒரு பந்தாட்டக் கதை. நம் நாட்டுக் கதையன்று. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநகரிலே நடந்தது. இதனை நாம் இரண்டு நாட்களாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

ஆட்டமும் அதன் கணக்கும்

அமெரிக்கர் தம் உயிரினும் மேலாகப் போற்றும் ஆட்டம் பேஸ்போல். கிறிக்கெற்றை அறிந்தவர்களுக்கும், நம் நாட்டுக் கிராமங்களில் ஆடப்படும் ‘எல்லே’ ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கும் இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. அணிக்கு ஒன்பது பேர். பந்தை வீசுபவர் வீச, எதிரணியின் ஒருவர் உருண்ட துடுப்பினால் அதனை அடிக்கின்றார். அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி மீண்டும் புறப்பட்ட இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். பந்து மைதானத்தின் வேலியைத் தாண்டிப் பார்வையாளரிடையே வீழ்ந்தால், அடித்தவரும் தளங்களில் நின்றவர்களும் தடையின்றிச் சுற்றி வரலாம். அதற்கு ‘ஹோம் ரன்’ என்று பெயர். ஒவ்வோர் அணியும் ஒன்பது முறை துடுப்பெடுத்தாட ஓர் ஆட்டம் முடிவுறும்.

அக்காலத்தில் நஷனல் லீக் எனும் சங்கத்திலே எட்டு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை 154 ஆட்டங்கள் ஆடும். முடிவில் முதலிடத்தில் நிற்கும் அணியே சங்கக் கொடியை வென்று, மற்றச் சங்கத்தின் முதலணியோடு ‘உலகத் தொடர்’ ஆடச் செல்லும். பிற்காலத்திலே வந்தது போல, பல அணிகள் ‘பிளேஓப்’ எனப்படும் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறும் முறை அன்று இல்லை. இரண்டு அணிகள் முதலிடத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் மட்டும், அவ்விரண்டும் மூன்று ஆட்டங்கள் கொண்ட தனித் தொடர் ஆடித் தீர்த்துக்கொள்ளவேண்டும்.

நியூயோர்க் மாநகரிலே அச்சங்கத்தின் இரண்டு அணிகள் இருந்தன. மன்ஹற்றன் பகுதியிலே போலோ கிறவுண்ட்ஸ் மைதானத்தைத் தம் இல்லமாகக் கொண்டவர்கள் ஜயன்ற்ஸ் அணியினர். புறூக்ளின் பகுதியிலே எபெற்ஸ் பீல்ட் மைதானத்திலே ஆடியவர்கள் டொட்ஜர்ஸ் அணியினர். இவ்விரு சாராரிடையே இருந்த பகைமை ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் பிரிக்கவல்லது. ஜயன்ற்ஸ் அணியின் முகாமையாளரான லியோ டுரோச்சர், 1948ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை டொட்ஜர்ஸ் அணியை நடத்தியவர் என்பது எரிகின்ற நெருப்புக்கு நெய்யாக அமைந்தது.

தோல்வியில் தொடங்கிய ஆண்டு

1951ஆம் ஆண்டு ஏப்ரிலிலே ஜயன்ற்ஸ் அணி தொடர்ச்சியாகப் பதினொரு ஆட்டங்களில் தோற்றது. முதற் பதினான்கு ஆட்டங்களில் வென்றவை இரண்டே. பத்திரிகைகள் நகைத்தன, ரசிகர்கள் மனமுடைந்தனர்.

மே மாத இறுதியில், சிறிய சங்கமொன்றிலே ஆடிக்கொண்டிருந்த இருபது வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரை டுரோச்சர் அழைப்பித்தார். அவரே பின்னாளில் அவ்வாட்டத்தின் மாபெரும் வீரருள் ஒருவராகப் போற்றப்பட்ட வில்லி மேய்ஸ். ஆனால் அவருடைய தொடக்கம் எவ்வாறிருந்தது? முதல் இருபத்தாறு வாய்ப்புக்களில் ஒரே ஒரு தடவைதான் பந்தை வெற்றியாக அடித்தார். உடைமாற்றும் அறையிலே அவர் கண்ணீர் விட்டு அழுததையும், தம்மைத் திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டதையும், டுரோச்சர் அவர் தோளைத் தொட்டு, “நான் இங்கே இருக்கும்வரை நடுக்களம் உன்னுடையது” என்ற கருத்துப்படத் தேற்றியதையும் அமெரிக்கர் இன்றும் கதையாகச் சொல்வர். பரீட்சையொன்றில் தவறிவிட்டு வகுப்பின் கடைசி வாங்கிலே தலைகுனிந்திருக்கும் பிள்ளையிடம் என்ன பேசவேண்டும் என்பதை, ஆசிரியர்களாகிய நாம் அந்தக் கடுகடுத்த மனிதரிடம் கற்றுக்கொள்ளலாம். மேய்ஸ் அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

மேய்ஸின் வரவினால் நடுக்களத்திலே தம் இடத்தை இழந்தவர் பொப்பி தொம்சன் என்பவர். ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோ நகரிற் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவுக்கு வந்தவர். யூலை மாதத்திலே அவர் மூன்றாந் தளத்தைக் காக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

முப்பத்தேழு வெற்றிகள்

ஓகஸ்ற் 11ஆந் திகதி முடிவிலே, டொட்ஜர்ஸ் அணி பதின்மூன்று ஆட்டங்கள் முன்னே நின்றது. முன்னிற்கும் அணி ஒன்றில் தோற்று, பின்னிற்கும் அணி ஒன்றில் வென்றால் இடைவெளி ஓர் ஆட்டத்தினாற் குறையும். அவ்வாறாயின் பதின்மூன்று என்பது எத்துணைத் தூரம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஜயன்ற்ஸுக்கு எஞ்சியவை 44 ஆட்டங்கள் மட்டுமே.

மறுநாள் ஜயன்ற்ஸ் வென்றது. அதன் மறுநாளும் வென்றது. ஓகஸ்ற் 15ஆந் திகதி டொட்ஜர்ஸுடன் நடந்த ஆட்டத்திலே, மேய்ஸ் ஓடிச் சென்று பந்தைப் பிடித்து, உடலை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி எறிந்த எறி, ஓட்டம் பெற ஓடிவந்தவரை வாசலிலேயே மடக்கியது. ஆட்டம் ஜயன்ற்ஸ் வசமாயிற்று. இவ்வாறு ஓகஸ்ற் 27ஆந் திகதிவரை தொடர்ந்து பதினாறு வெற்றிகள்! பதின்மூன்றாயிருந்த இடைவெளி ஐந்தாகச் சுருங்கியது.

டொட்ஜர்ஸ் அணி அடியோடு வீழ்ந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. ஓகஸ்ற் 11க்குப் பின் அவர்கள் ஆடிய 48 ஆட்டங்களில் 26ஐ வென்றார்கள். வேறோர் ஆண்டாயின் அது போதியதாயிருக்கும். முயலைப் போல உறங்கியதனால் அவர்கள் பின்தங்கவில்லை. ஆமையே அவ்வாண்டு முயலாக மாறிவிட்டது. ஜயன்ற்ஸ் தமக்கெஞ்சிய 44 ஆட்டங்களில் 37ஐ வென்றனர். கடைசி ஏழு ஆட்டங்களில் ஒன்றிலேனும் அவர்கள் தோற்கவில்லை. சல் மக்லி, லாரி ஜான்சன் ஆகிய பந்து வீசுபவர்கள் இருவரும் அவ்வாண்டு தலைக்கு 23 வெற்றிகளைப் பெற்றுக் கொடுத்தனர்.

செப்ரெம்பர் 30, பருவத்தின் இறுதி நாள். ஜயன்ற்ஸ் பொஸ்ரன் நகரிலே 3–2 என வென்றுவிட்டுப் புகையிரதம் ஏறினர். அதே வேளையில் பிலடெல்பியாவிலே டொட்ஜர்ஸ் 6–1 எனப் பின்தங்கித் தத்தளித்துக்கொண்டிருந்தனர். அங்கே அவர்களைக் காப்பாற்றியவர் ஜக்கி றொபின்சன். 1947ஆம் ஆண்டிலே நிறவேற்றுமைத் தடையை உடைத்துக்கொண்டு பெரிய சங்கத்துள் நுழைந்த அதே வீரர். ஆட்டம் சமநிலையாகி நீண்டது. பன்னிரண்டாஞ் சுற்றிலே தோல்வியாகியிருக்கவேண்டிய பந்தை நிலத்திலே பாய்ந்து வீழ்ந்து பிடித்தார். பதினான்காஞ் சுற்றிலே ஹோம் ரன் அடித்தார். 9–8. இரு அணிகளும் 96 வெற்றிகள், 58 தோல்விகள் எனச் சமமாய் நின்றன.

அந்த ஒரு பந்து

மூன்று ஆட்டத் தொடரில், முதலாவது புறூக்ளினிலே நடந்தது. ஜயன்ற்ஸ் 3–1 என வென்றது. இரண்டாவது போலோ கிறவுண்ட்ஸிலே; டொட்ஜர்ஸ் 10–0 என வென்றது. மூன்றாவது ஆட்டம் ஒக்ரோபர் 3ஆந் திகதி, அதே போலோ கிறவுண்ட்ஸிலே நடந்தது.

கடைசிச் சுற்றிலே ஜயன்ற்ஸ் துடுப்பெடுத்தாட வந்தபோது டொட்ஜர்ஸ் 4–1 என முன்னே நின்றது. ஜயன்ற்ஸின் இருவர் அடித்துத் தளமேறினர், ஒருவர் ஆட்டமிழந்தார், அடுத்தவரின் அடியால் ஓர் ஓட்டம் வந்தது. 4–2. இரண்டு தளங்களில் ஆட்கள். களைத்துப்போன பந்து வீச்சாளரை மாற்றி, இருபத்தைந்து வயதான றால்ப் பிறாங்கா என்பவரை அழைத்தார் டொட்ஜர்ஸ் முகாமையாளர். முதுகிலே 13 என்ற இலக்கம் பொறித்த சட்டை. அந்த மாதமே அவருக்குத் திருமணம்.

எதிரே துடுப்புடன் நின்றவர் பொப்பி தொம்சன். முதற் பந்தை அவர் விட்டுவிட்டார். இரண்டாவது பந்து அவர் துடுப்பிற் பட்டு, இடப்பக்க வேலியைத் தாண்டிப் பார்வையாளர் வரிசையிலே வீழ்ந்தது. மூன்று ஓட்டங்கள், 5–4. சங்கக் கொடி ஜயன்ற்ஸுக்கு!

வானொலி அறிவிப்பாளர் றஸ் ஹொட்ஜஸ், ஜயன்ற்ஸ் வென்றுவிட்டது என்ற ஒரே வாக்கியத்தைத் தொண்டை கிழிய மீண்டும் மீண்டும் கூவினார். அக்குரல் இன்றும் கேட்கக் கிடைப்பதற்குக் காரணம், ஓர் இளைஞர் வேலைக்குப் போகுமுன் தம் தாயாரிடம் ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கிவிடும்படி சொல்லிச் சென்றதேயாம். பிள்ளையின் சொல்லை மறவாத அன்னையால் ஒரு நாட்டின் நினைவே காப்பாற்றப்பட்டது!

தோற்ற அணியினர் தலைகுனிந்து வெளியேறினர். றொபின்சன் மட்டும் இடுப்பிற் கைவைத்தபடி நின்று, தொம்சன் ஒவ்வொரு தளத்தையும் முறையாக மிதிக்கின்றாரா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறாங்கா உடைமாற்றும் அறையின் படிகளிலே குப்புறக் கிடந்தார்.

முதலாம் நாள் நாம் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவோம். மாணவர்கள் கைதட்டுவார்கள்.

இரண்டாம் நாட் கதை

போலோ கிறவுண்ட்ஸ் மைதானத்திலே உடைமாற்றும் அறைகள், துடுப்பாட்டக்காரர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, நடுக்களத்துக்கு அப்பால், ஏறக்குறைய 480 அடி தூரத்தில் இருந்தன. அங்கே முகாமையாளரின் அறைக்கு ஒரு யன்னல்.

பேஸ்போலிலே, அடிப்பவரின் பின்னாற் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர், அடுத்து விரைவுப் பந்தா, வளைவுப் பந்தா வீசவேண்டும் என்பதைத் தம் தொடைகளின் நடுவே விரல்களால் மறைவாகக் காட்டுவார். அக்குறிப்பை அறியாதவரைதான் அடிப்பவருக்கு அச்சம். 1951ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதியளவிலிருந்து, அந்த யன்னலின் இருளிலே ஒரு தொலைநோக்கி இருந்தது. ஜயன்ற்ஸ் அணியின் ஒருவர் அதன் வழியாக எதிரணியின் விரற்குறிப்பைப் பார்ப்பார். மின்கம்பியிற் பொருத்திய மணியொன்றால் களத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது போய்ச் சேரும். அவருடைய சிறு அசைவினால் துடுப்பாட்டக்காரர் அறிந்துகொள்வார்.

இச்செய்தி அரை நூற்றாண்டுக் காலம் வெறும் வதந்தியாக உலாவியது. 2001ஆம் ஆண்டு ஜனவரியிலே ஜோசுவா பிரேகர் என்ற பத்திரிகையாளர், உயிரோடிருந்த பழைய வீரர்களை விசாரித்து, ‘வோல் ஸ்றீற் ஜேர்னல்’ பத்திரிகையிலே இதனை ஐயந்திரிபற வெளியிட்டார். வீரர் பலர் ஒப்புக்கொண்டனர். தொம்சனோ, தொலைநோக்கி இருந்ததை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் கடைசிப் பந்துக்குத் தாம் குறிப்பைப் பெறவில்லை என்றார். அது உண்மையாயும் இருக்கலாம்.

வழக்கிலே மறுபக்கத்தையும் கேட்பது நீதி. கருவிகொண்டு குறிப்பைத் திருடலாகாது என வெளிப்படையாகக் கூறும் எழுத்துவிதி அன்று இருக்கவில்லை. பிலடெல்பியாவில் டொட்ஜர்ஸ் மரண வேதனைப்பட்ட அன்று ஜயன்ற்ஸ் வென்றது பொஸ்ரனில். அங்கே தொலைநோக்கி இல்லை. தனித் தொடரின் முதல் ஆட்டத்தை வென்றது புறூக்ளினில், அங்கேயும் இல்லை. தொலைநோக்கி இருந்த சொந்த மைதானத்திலேயே, இரண்டாம் ஆட்டத்தில் அவர்கள் பெற்ற ஓட்டம் பூச்சியம். பந்து எத்தகையது என்று அறிவது வேறு. அதனை அடிப்பது வேறு. மேய்ஸின் எறியும், இரு பந்து வீச்சாளர்களின் உழைப்பும் எந்தக் கண்ணாடியின் உதவியாலும் வந்தவையல்ல.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், அப்படியென்றால் அந்தத் தொலைநோக்கி இல்லாமலும் அவர்கள் வென்றிருப்பார்களா?”

நாம் சிறிது நேரம் பேசாது நின்றோம். பின்பு, “அது யாருக்கும் தெரியாது, தம்பி. அவர்களுக்குங்கூடத் தெரியாது. அதுதான் அந்தத் தொலைநோக்கி செய்த கேடு” என்றோம்.

அன்று கைதட்டல் இல்லை.

தோற்றவரின் மௌனம்

பிறாங்காவின் கதையைச் சொல்லாது விட்டால் இக்கதை நிறைவுறாது. இருபத்தொரு வயதிலே ஒரே ஆண்டில் 21 வெற்றிகளைப் பெற்ற பெருந்திறமையாளர், ஒரு பந்தினால் வாழ்நாள் முழுவதும் அறியப்பட்டார். 1954ஆம் ஆண்டளவில், வேறோர் அணியிலே உடனாடிய நண்பர் ஒருவர் வாயிலாகத் தொலைநோக்கிச் செய்தி அவர் காதுக்கு எட்டியது. பத்திரிகைகளை அழைத்துப் பறைசாற்றியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. தோற்றவன் புலம்புகின்றான் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாய்மூடியிருந்தார். அது மட்டுமன்று, தொம்சனும் அவரும் பல பொதுவிழாக்களிலே அருகருகே அமர்ந்து, அந்தப் படத்திலே கையொப்பமிட்டு, காலப்போக்கில் நண்பர்களாயினர். உண்மை வெளிவந்த பின்னரும், குறிப்பு அறிந்திருந்தாலும் அந்தப் பந்தைத் தொம்சன்தானே அடிக்கவேண்டியிருந்தது என்று நியாயம் பேசியவர் பிறாங்காவே. தொம்சன் 2010இலும், பிறாங்கா 2016இலும், வில்லி மேய்ஸ் 2024இலும் காலமாயினர். போலோ கிறவுண்ட்ஸ் மைதானம் 1964ஆம் ஆண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது.

தூரதேசத்துக் கதை என்று இதனை ஒதுக்க நம்மால் முடியவில்லை. சில காலத்துக்கு முன், எம்மிடம் கற்ற ஒருவர் தம் திருமண அழைப்பிதழுடன் வீட்டுக்கு வந்திருந்தார். படிக்குங் காலத்தில் பின்தங்கியிருந்து, கடைசி ஆறு மாதங்களில் இராப்பகலாக உழைத்துப் பரீட்சையிலே சித்தியெய்தியவர். தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர், திடீரென்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “சேர், கணக்குப் பாடத்திலே ஒரே ஒரு விடையைப் பக்கத்துப் பிள்ளையின் தாளிற் பார்த்து எழுதினேன். அது இல்லாமலே பாஸ் பண்ணியிருப்பேனோ என்று இன்னும் யோசிக்கின்றேன்” என்றார். அவருடைய உழைப்பு உண்மை. அந்த ஆறு மாதங்களை நாமே கண்ணாற் கண்டோம். ஆயினும், ஒரு குடம் பாலில் வீழ்ந்த ஒரு துளியைப் போல, அந்த ஒரு நொடிப் பார்வை அவர் தம் உழைப்பைத் தாமே நம்பமுடியாதபடி செய்துவிட்டது. எமக்குச் சொல்ல விடை இருக்கவில்லை. பிறாங்காவின் கதையைச் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இந்த முப்பத்தேழு வெற்றிகளின் கதையை அவசியம் சொல்லவேண்டும். பதின்மூன்று படிகளை ஒரே நாளில் எவரும் தாண்டவில்லை. இன்றைய ஆட்டத்தை இன்று ஆடினார்கள். நாளையதை நாளை ஆடினார்கள். ஆனால் அவ்வளவில் நிறுத்திவிடாது, இரண்டாம் நாட் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முயற்சி நம்மை வெற்றியின் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போன பின், “இது நான் ஈட்டியது” என்று நெஞ்சறியச் சொல்லத் தூய்மை ஒன்றே துணை நிற்கும். வள்ளுவர் இரண்டு அதிகாரங்களை ஏன் வகுத்தார் என்பது எமக்கு விளங்கியது இவ்வாறுதான்.